ஓரங்கள் சுற்றி இணையும் கட்ட அணிகளைக் கையாளும் முறை

நிரைகளும் நிரல்களுமாக அமைந்த ஓர் அணியில், ஒவ்வொரு கலத்தினதும் புதிய பெறுமானத்தை அதன் அயற்கலங்களைக் கொண்டு கணிக்கும் செய்நிரலை எழுதுவோர் முதலில் தடுமாறும் இடம் அணியின் ஓரமாகும். நடுவிலுள்ள கலத்துக்கு எட்டு அயல்கள் உண்டு. ஓரத்திலுள்ள கலத்துக்கு ஐந்து, மூலையிலுள்ள கலத்துக்கு மூன்று. நான்கு ஓரங்களுக்கும் நான்கு மூலைகளுக்கும் தனித்தனியே நிபந்தனை எழுதத் தொடங்கினால், செய்நிரலின் பெரும்பகுதி ஓரத்தைப் பற்றியதாகவே ஆகிவிடும். வழுக்களும் அங்கேயே குடியேறும். வலது ஓரத்தைத் தாண்டியவர் இடது ஓரத்தால் உள்ளே வருவார், கீழ் ஓரத்தைத் தாண்டியவர் மேல் ஓரத்தால் உள்ளே வருவார் என்று விதித்துவிட்டால், எல்லாக் கலங்களுக்கும் எட்டு அயல்கள் கிடைத்துவிடும்; ஓரம் என்ற ஒன்றே இல்லாமற் போகும். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். அக்குழாயின் இரு வாய்களையும் ஒட்டினால் கிடைப்பது சைக்கிள் ரியூப்பின் வடிவம்.

கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் பல்கலைக்கழகப் படிப்பில் இருப்போரையும், உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்துப் பைதன் பழகுவோரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆகவே உதாரணங்கள் வன்னியிலிருந்து வருகின்றன. பைதன் 3 மாறிகளின் பெயர்களைத் தமிழில் ஏற்றுக்கொள்ளும் என்பதால் கோவைகளைத் தமிழிலேயே தந்துள்ளேன். நூலகச் சார்புகளின் பெயர்களை ஒலிப்படி எழுதியுள்ளேன்.

சுற்ற வேண்டுமா என்பதே முதற் கேள்வி

ஒரு வரி எழுதுவதற்கு முன்னர், உங்கள் அணி எதைக் குறிக்கிறது என்பதை முடிவு செய்யுங்கள். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்வெளியில், நெற்பயிரைத் தாக்கும் பூச்சியான கபிலநிறத் தத்தி பரவுவதை ஒருவர் கணினியில் உருவகிக்க விரும்புகிறார் என்று கொள்வோம். அவருடைய அணி, நாற்புறமும் தெருவும் பற்றைக்காடும் சூழ்ந்த ஒரு தனி வயலைக் குறிக்குமானால், ஓரங்களைச் சுற்றி இணைப்பது பிழை. கிழக்கு வரம்பைத் தாண்டிய தத்தி மேற்கு வரம்பில் வந்து இறங்குவதில்லை. ஆனால் அந்த அணி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிந்து கிடக்கும் வயல்வெளியின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டு என்றால், சுற்றி இணைப்பதே பொருத்தமானது. ஏனெனில் வெளியேறும் தத்திகளுக்கு ஈடாக, அயல் வயல்களிலிருந்து ஏறக்குறைய அதே அளவு தத்திகள் உள்ளே வந்துகொண்டிருக்கும். சுற்றி இணைக்காவிட்டால் ஓரக் கலங்கள் அனைத்தும் பொய்யான தனிமையில் இருக்கும். 10 × 10 அணியின் 100 கலங்களில் 36 ஓரக் கலங்கள். 100 × 100 அணியில் 10,000இல் 396. சிறிய அணியில் ஓரத்தின் பாதிப்பு மூன்றிலொரு பங்கைத் தாண்டுகிறது என்பதை இக்கணக்கே காட்டும்.

நீரோட்டத்தை உருவகிப்போர் மேலும் கவனமாக இருக்க வேண்டும். கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து இரணைமடுவை நிரப்பி, வடக்கே சுண்டிக்குளம் கடனீரேரியை நோக்கிச் செல்கிறது. அந்த நிலப்பரப்பை அணியாக்கி வடக்கு, தெற்கு ஓரங்களை இணைத்துவிட்டால், கடனீரேரிக்குச் சென்ற நீர் மறுபடியும் குளத்துக்கு மேலே ஆற்றில் தோன்றும். செய்நிரல் எந்த வழுவையும் அறிவிக்காது; குளம் மட்டும் வற்றாமலே இருக்கும். உலக வரைபடத்தைக் கையாளும்போதோ கிழக்கும் மேற்கும் மட்டுமே இணையும், வடக்கும் தெற்கும் இணையா. ஆகவே ஒவ்வோர் அச்சுக்கும் இம்முடிவைத் தனித்தனியே எடுக்க வேண்டும்.

ஒற்றைப் பரிமாண அணியிலும் இதே கேள்வி எழும். பல ஆண்டுகளின் சராசரி மழைவீழ்ச்சியை மாதம் மாதமாக 12 கலங்களில் வைத்திருக்கிறீர்கள். மும்மாதச் சராசரி எடுக்க வேண்டும். வன்னியில் காலபோக நெற்செய்கையை வாழவைக்கும் மழை கார்த்திகை, மார்கழி, தை என்று ஆண்டின் எல்லையைத் தாண்டிப் பொழிவதால், மார்கழிக் கலத்தின் வலது அயலாகத் தை வந்தே ஆக வேண்டும். இங்கே சுற்றுவது சரி. ஆனால் அணியில் இருப்பது 2023ஆம் ஆண்டின் 12 மாதங்கள் மட்டும் என்றால், அந்த மார்கழியை அடுத்து வரும் தை 2024இன் தையாகும். 2023இன் தையை அங்கே கொண்டுவந்து ஒட்டுவது தரவைத் திரிப்பதாகும்.

மீதியின் விதி

சுற்றுவது என்று முடிவானபின், ஒரு கலத்தின் சுட்டியை, அதாவது அதன் நிரல் எண்ணை அகலத்தாலும் நிரை எண்ணை உயரத்தாலும், வகுத்து மீதியை எடுப்பதே அடிப்படை முறை. சுட்டிகள் 0இலிருந்து தொடங்குமானால் (% என்பது மீதியைக் குறிக்கும்):

வலது = (நிரல் + 1) % அகலம்
இடது = (நிரல் − 1) % அகலம்
கீழ் = (நிரை + 1) % உயரம்
மேல் = (நிரை − 1) % உயரம்

அகலம் 8 என்றால் 7இன் வலது 0 ஆகிறது. 0இன் இடது 7 ஆக வேண்டும். பைதனில் அப்படியே ஆகும். ஏனெனில் பைதனில் மீதியின் குறி வகுக்கும் எண்ணின் குறியைப் பின்பற்றும். சி, சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் மீதி வகுபடும் எண்ணின் குறியைப் பின்பற்றுவதால் விடை −1 ஆகும். பைதனில் எழுதிய வரியை அப்படியே சி மொழிக்குக் கொண்டுசெல்வோர், அணிக்கு வெளியேயுள்ள நினைவகத்தை வாசிக்கிறார்கள். அம்மொழிகளில் அகலத்தை முன்கூட்டியே கூட்டி, (நிரல் − 1 + அகலம்) % அகலம் என்று எழுதுவது வழக்கம். ஒரு கலத்துக்கு மேல் நகரும் வாய்ப்பிருந்தால், மீதி எடுத்து, அகலத்தைக் கூட்டி, மறுபடியும் மீதி எடுக்க வேண்டும். ஜாவா 8 முதல் இதற்கென்றே புளோர்மொட் என்ற சார்பு உண்டு. இயன்றவரை அதையே பயன்படுத்துங்கள்.

சி மொழியில் சுட்டியைக் குறியற்ற முழுவெண்ணாக வைத்தால் எதிர்க்குறியே வராது என்று நம்பி ஆறுதலடைவோர் உண்டு. அது ஆபத்தான ஆறுதல். 32 பிட் குறியற்ற எண்ணில் 0 − 1 என்பது 4294967295. அதை 8ஆல் வகுத்தால் மீதி 7; விடை சரியாகவே இருக்கிறது. அதே எண்ணை 10ஆல் வகுத்தால் மீதி 5, வரவேண்டியதோ 9. அகலம் 2இன் அடுக்காக இருக்கும்வரை மட்டுமே இம்முறை சரியாக இயங்கும். 16 × 16, 64 × 64 என்று பரிசோதித்துவிட்டுத் திருப்தியடைந்த செய்நிரல், 100 × 100 தரவு வந்த அன்று பிழையான விடை தரும். இதனாற்றான் பரிசோதனைக்கு 2இன் அடுக்கல்லாத, சதுரமுமல்லாத அணியைத் தெரிவு செய்யும்படி எப்போதும் வற்புறுத்துகிறேன்.

சுட்டிகள் 1இலிருந்து தொடங்கும் மட்லாப், போர்ட்ரான், ஜூலியா போன்றவற்றில் 1ஐக் கழித்து, மீதி எடுத்து, 1ஐக் கூட்ட வேண்டும். மறந்தால் 0 என்ற இல்லாத சுட்டி கிடைக்கும்.

பைதனில் இன்னொரு பொறி இருக்கிறது. −1 என்ற சுட்டி கடைசி உறுப்பைத் தருவதால், மீதியே எடுக்காமல் எழுதிய செய்நிரலும் இடது ஓரத்திலும் மேல் ஓரத்திலும் சரியாகவே சுற்றும். வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் மட்டும் சுட்டி எல்லை மீறியது என்று நிற்கும். அந்நிலையில் பலர் அவ்விரண்டு ஓரங்களுக்கு மட்டும் நிபந்தனைகளைச் சேர்த்துவிட்டு அப்பால் போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், நான்கு திசைகளுக்கும் ஒரே விதியை வையுங்கள். துண்டாக வெட்டியெடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: 8 உறுப்புள்ள அணியில் 6இலிருந்து 10 வரை என்று கேட்டால், பைதன் எந்த முறைப்பாடும் இன்றி இரண்டு உறுப்புகளை மட்டும் தரும், −1இலிருந்து 2 வரை என்று கேட்டால் வெற்று அணியைத் தரும். துண்டுகள் ஒருபோதும் தாமாகச் சுற்றுவதில்லை.

முழு அணியையும் ஒரே தடவையில் உருட்டுதல்

ஒவ்வொரு கலமாகச் சுற்றிவருவது, பைதனின் அணி நூலகமான நம்பையில் மிக மெதுவான வழி. அணி நிரலாக்கத்தின் சிந்தனை வேறு: கலத்திலிருந்து அயலைத் தேடிப் போகாமல், முழு அணியையும் ஒரு படி உருட்டி, அயலைக் கலத்தின் இருப்பிடத்துக்கே கொண்டுவருவது. கென்னத் ஐவர்சன் உருவாக்கிய ஏ.பி.எல். மொழியில் இந்தச் சுழற்றலுக்கு ஒற்றைக் குறியீடே இருக்கிறது. போர்ட்ரான் 90இல் சி-ஷிஃப்ட், மட்லாபில் சேர்க்ஷிஃப்ட், நம்பையில் ரோல் என்று அதே செயல் தொடர்ந்து வருகிறது. இதன் அழகு, சுற்றி இணைதல் தனியாக எழுதப்படாமல் செயலுக்குள்ளேயே அடங்கிவிடுவதில் இருக்கிறது.

திசையைப் பற்றித் தெளிவாக இருங்கள். பின்வரும் அணியைப் பாருங்கள்.

1 2 3 4
5 6 7 8
9 10 11 12

இதை நிரல்களின் வழியே, அதாவது அச்சு 1இன் வழியே, +1 உருட்டினால்:

4 1 2 3
8 5 6 7
12 9 10 11

உறுப்புகள் வலப்பக்கம் நகர்ந்துள்ளன; ஆகவே ஒவ்வோர் இடத்திலும் இப்போது இருப்பது முன்னைய அணியின் இடது அயல். வலது அயல் தேவையென்றால் −1 உருட்ட வேண்டும். எட்டு அயல்களையும் கூட்டும்போது இது தலைகீழாகிப்போனாலும் விடை மாறாது. ஆனால் காற்றுத் திசையில் பரவல், நீரோட்டம் போன்ற திசைசார்ந்த கணக்குகளில் எல்லாமே எதிர்த்திசையில் நடக்கும்.

அச்சைக் குறிப்பிட மறந்தால் என்ன ஆகும்? நம்பை அணியை ஒரே நீண்ட வரிசையாக விரித்து, உருட்டி, மீண்டும் மடித்துத் தரும்:

12 1 2 3
4 5 6 7
8 9 10 11

முன்னைய விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் ஒன்பது உறுப்புகள் சரி. முதல் நிரல் மட்டும் ஒரு நிரை கீழிறங்கிப் போயிருக்கிறது. பெரிய அணியில் இதைக் கண்ணால் பிடிப்பது மிகக் கடினம். உருவகத்தில் கோலங்கள் இடது ஓரத்தைத் தாண்டும்போது ஒரு படி சரிந்துபோவதாகத் தோன்றினால், உடனே அச்சைச் சரிபாருங்கள்.

எட்டு அயல்களின் கூட்டலுக்கு எட்டு உருட்டல்கள் தேவையில்லை. முதலில் மேலும் கீழும், அதாவது அச்சு 0இன் வழியே, உருட்டி மூன்று நிரைகளின் கூட்டலை எடுங்கள். அந்தக் கூட்டலை இடமும் வலமும் உருட்டி மூன்று நிரல்களின் கூட்டலை எடுங்கள். இறுதியில் நடுக் கலத்தைக் கழித்துவிடுங்கள்.

தூண் = அ + ரோல்(அ, 1, 0) + ரோல்(அ, −1, 0)
அயல் = தூண் + ரோல்(தூண், 1, 1) + ரோல்(தூண், −1, 1) − அ

நான்கே உருட்டல்கள், மூலை அயல்களும் தாமாகவே சேர்ந்துவிடுகின்றன. இங்கே அ என்ற அணி உண்மை, பொய் என்ற தருக்க வகையில் இருக்கக் கூடாது. நம்பையில் உண்மையையும் உண்மையையும் கூட்டினால் 2 வராது, மறுபடியும் உண்மையே வரும். முழுவெண்ணாக மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

உருட்டல் ஒவ்வொரு முறையும் புதிய அணியை உருவாக்குவதால் பழைய பெறுமானங்கள் கெடுவதில்லை. இதுவும் இம்முறையின் பெரும் நன்மை. கலம் கலமாகச் செல்லும் மடக்குகளால் எழுதுவோர் இரண்டு அணிகளை வைத்து, ஒன்றிலிருந்து வாசித்து மற்றொன்றில் எழுத வேண்டும். ஒரே அணியில் வாசித்து எழுதினால், கடைசி நிரலைக் கணிக்கும் வேளையில் அதன் வலது அயலான முதல் நிரல் ஏற்கெனவே புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

வேலி நிரைகளைச் சேர்க்கும் முறை

அணி மிகப் பெரிதாக இருந்தாலோ, சி மொழியில் வேகமாக ஓட வேண்டியிருந்தாலோ, ஒவ்வொரு கலத்துக்கும் மீதி எடுப்பது வீண் செலவு. அப்போது அணியைச் சுற்றி ஒரு நிரையும் ஒரு நிரலும் அதிகமாக வைத்து, எதிர் ஓரத்தின் பெறுமானங்களை அவற்றில் நகலெடுத்து வைப்பது சிறந்த வழி. உள்ளேயுள்ள கலங்களுக்கு எந்த நிபந்தனையும் தேவைப்படாது. நம்பையில் பாட் என்ற சார்பை, சுற்றி இணைப்பதைக் குறிக்கும் ராப் என்ற முறையில் அழைத்தால் இது ஒரே வரியில் முடிந்துவிடும்.

கையால் செய்வோர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். முதலில் இடது, வலது வேலிகளை நிரப்புங்கள். அதன்பின் மேல், கீழ் வேலிகளை, சற்றுமுன் நிரப்பிய வேலிக் கலங்களையும் உள்ளடக்கி, முழு அகலத்துக்கும் நகலெடுங்கள். இந்த ஒழுங்கில் செய்தால் நான்கு மூலைகளும் தாமாக நிரம்பும். தனியாக எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு காலப்படிக்கும் முன்னர் வேலியைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். இரண்டு கலம் தொலைவிலுள்ள அயல்களும் கணக்கில் வருமானால் வேலியின் தடிப்பும் இரண்டாக வேண்டும்.

தத்திக்கு மேற்கே பற்றைக்காடும் வடக்கே வயலும் இருக்கும் நிலைமை போல, ஓர் ஓரம் சுற்றாமலும் மற்றோர் ஓரம் சுற்றியும் இருக்க வேண்டுமானால், இம்முறையே மிக வசதியானது. சுற்றாத பக்கத்தின் வேலியில் 0 போடுங்கள். கணிக்கும் பகுதியில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

நூலகங்களின் இயல்புநிலை

சைபை நூலகத்தின் என்.டி.இமேஜ் பகுதியிலுள்ள கொன்வோல்வ் சார்பு (அயல்களை நிறைகளால் பெருக்கிக் கூட்டுவது), நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஓரத்தைக் கண்ணாடி போலப் பிரதிபலிக்கும். சிக்னல் பகுதியிலுள்ள கொன்வோல்வ்-2டி ஓரத்துக்கு அப்பால் 0 என்று கொள்ளும். இரண்டிலும் ராப் என்பதை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். அதே கூட்டலை வேறு வழியில் செய்யப் பயன்படும் விரைவு ஃபூரியர் உருமாற்றத்தின் நிலைமை நேரெதிரானது: அது இயல்பாகவே சுற்றும். சுற்ற வேண்டாம் என்போரே அங்கே 0களைச் சேர்த்து அணியைப் பெருப்பிக்க வேண்டும். சுற்றுவதை விரும்புவோரும், அயல்களின் நிறைகளை வைத்திருக்கும் சிறிய அணியின் நடுக் கலத்தை 0, 0 என்ற இடத்துக்கு உருட்டி வைக்க வேண்டும். இல்லையேல் விடை முழுவதும் சில கலங்கள் தள்ளிப்போய்க் கிடக்கும்.

தூரமும் சராசரியும்

அயல்களைச் சரிசெய்துவிட்டுத் தூரத்தை மறப்பது சாதாரணமாக நடக்கிறது. 100 நிரலுள்ள சுற்றும் அணியில் 98ஆம் நிரலுக்கும் 2ஆம் நிரலுக்கும் இடைத்தூரம் 96 அன்று, 4 ஆகும். வித்தியாசம், அகலம் கழித்தல் வித்தியாசம் ஆகிய இரண்டில் சிறியதை எடுங்கள். அவ்விரண்டு இடங்களின் மையத்தைச் சாதாரணச் சராசரியாக எடுத்தால் 50 வரும். அது அணியில் அவற்றுக்கு மிகத் தொலைவிலுள்ள இடம். ஒவ்வொரு நிரலையும் வட்டத்தின் ஒரு கோணமாக மாற்றி, சைன்களையும் கோசைன்களையும் தனித்தனியே கூட்டி, அவற்றிலிருந்து கோணத்தை மீட்டால் 0 என்ற சரியான விடை கிடைக்கும்.

மிகச் சிறிய அணிகளில் கவனம் தேவை. அகலம் 2 என்றால் இடது அயலும் வலது அயலும் ஒரே கலம்; அது இருமுறை எண்ணப்படும். அகலம் 1 என்றால் கலம் தனக்குத் தானே அயலாகும். எட்டு அயல்களும் வெவ்வேறாக இருக்க 3 × 3 ஆவது வேண்டும். பரவலை உருவகிப்போருக்கு அதனிலும் பெரிய எல்லை ஒன்று உண்டு: ஒரு படிக்கு ஒரு கலம் வீதம் பரவும் தத்தி, அகலத்தின் அரைப்பங்கு படிகளில் மறுபக்கத்தால் வந்து தன்னையே சந்திக்கும். அதற்குப் பின்னர் வரும் எண்களை நம்பி மருந்தடிப்பைப் பற்றி எவருக்கும் ஆலோசனை கூறக் கூடாது.

சரிபார்த்தல்

ஜோன் கொன்வே உருவாக்கி 1970இல் வெளியுலகுக்கு அறிமுகமான உயிர் விளையாட்டு, ஓரங்களைச் சோதிக்க மிக நல்ல கருவி. உயிருள்ள கலத்துக்கு இரண்டு அல்லது மூன்று உயிருள்ள அயல்கள் இருந்தால் அது வாழும், உயிரற்ற கலத்துக்குச் சரியாக மூன்று இருந்தால் உயிர் பெறும், ஏனையவை உயிரற்றவை. அதில் கிளைடர் எனப்படும் ஐந்து கலக் கோலம் நான்கு தலைமுறைகளுக்கு ஒருமுறை மூலைவிட்டமாக ஒரு கலம் நகரும். ஆகவே 8 × 8 சுற்றும் அணியில் 32 தலைமுறைகளுக்குப் பின்னர் அது தொடங்கிய இடத்துக்கே, தொடங்கிய வடிவிலேயே வர வேண்டும். 8 நிரைகளும் 11 நிரல்களும் உள்ள அணியில், 8, 11 ஆகியவற்றின் பொது மடங்குகளிற் சிறியது 88 என்பதால், 352 தலைமுறைகள் ஆகும். இரண்டாவது சோதனையையே நான் அதிகம் மதிக்கிறேன். நிரையும் நிரலும் இடம்மாறிய வழுக்கள் 8 × 8இல் ஒளிந்துகொள்ளும், 8 × 11இல் ஒளிய முடியாது.

எந்த விதிக்கும் பொருந்தும் சோதனை ஒன்றும் உண்டு. எழுந்தமானமான எண்களால் அணியை நிரப்புங்கள். ஒரு காலப்படி நடத்திவிட்டு, அணியைக் கீழ்ப்பக்கம் 3, வலப்பக்கம் 2 உருட்டி ஒரு விடையை எடுங்கள். முதலில் அதேபோல் உருட்டிவிட்டு, அதன்பின் ஒரு காலப்படி நடத்தி மற்றொரு விடையை எடுங்கள். முழுமையாகச் சுற்றும் அணியில் எல்லா இடமும் சமம் என்பதால் இரண்டு விடைகளும் கலத்துக்குக் கலம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கலத்திலாவது வேறுபட்டால், அக்கலத்தின் இருப்பிடமே எந்த ஓரத்தில் வழு உள்ளது என்பதைக் காட்டித் தரும். கிழக்கும் மேற்கும் மட்டும் இணைந்த அணியில், இடம் வலமாக உருட்டும் சோதனை தேற வேண்டும். மேல் கீழாக உருட்டும் சோதனை தேறக் கூடாது. அதுவும் தேறிவிட்டால், வடக்கு, தெற்கு ஓரங்களும் உங்களுக்குத் தெரியாமலே இணைந்திருக்கின்றன. வேலியை நிரப்பும் பகுதிக்குத் திரும்பிச் சென்று, மேல், கீழ் நிரைகளில் 0 போடும் வரி நகலெடுக்கும் வரிக்குப் பின்னர் உள்ளதா என்று பாருங்கள்.